ரியூனிங் செய்த ஸ்போர்ட்ஸ் காரைத் திருகோணமலை வீதிகளில் ஓட்டி மதிப்பிடும் முறை

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில் புதிய கோப்பு ஏற்றப்பட்ட, அதாவது ரியூனிங் செய்யப்பட்ட, ஸ்போர்ட்ஸ் காரை முதல்முறை ஓட்டும் எவருக்கும், அது முன்னரைவிட வலுவாக இழுப்பதாக ஐந்து நிமிடத்திலேயே தோன்றிவிடும். காசு கொடுத்தவருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே தோன்றும். அந்த உணர்வில் எஞ்சினிலிருந்து உண்மையாக வருவது எவ்வளவு, மிதியின் அமைப்பை மாற்றியதால் வருவது எவ்வளவு, அன்றைய காலைக் குளிர்ச்சியால் வருவது எவ்வளவு என்று பிரித்தறியும் வழியைத்தான் இங்கு எழுதுகிறேன். பந்தயத் தடமும் அதிவேகப் பாதையும் இல்லாத திருகோணமலையில், மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற வேக எல்லையைத் தாண்டாமலே இதைச் செய்யலாம். சரியான கியரைத் தெரிந்தெடுத்தால் அந்த எல்லையே போதுமானது என்பது கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது 2012இல் வெளிவந்த முதல் தலைமுறை டொயோட்டா 86. உவர்மலையில் இருக்கும் நண்பர் ஒருவரின் காரை ரியூனிங்குக்கு முன்னும் பின்னும் பல நாட்கள் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சுபாரு நிறுவனத்தின் கிடைநிலை நான்கு சிலிண்டர் எஞ்சின் இதில் உள்ளது. கொள்ளளவு 1998 கன சென்ரிமீற்றர், அமுக்க விகிதம் 12.5க்கு 1, நிமிடத்துக்கு 7000 சுற்றில் 200 குதிரைவலு, 6400 முதல் 6600 சுற்றுவரை 205 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ கிடையாது. இந்த எஞ்சினுக்குப் பெயர்போன குறை ஒன்று உண்டு: ஏறத்தாழ 3500 சுற்றிலிருந்து 4500 சுற்றுவரை அதன் முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. முன்னால் போகும் லொறியை முந்துவதற்கு மிதியை அழுத்தும்போது, வண்டி ஒரு கணம் மூச்சை உள்ளிழுத்து யோசிப்பதுபோல் இருப்பது இதனால்தான். 86க்கு ரியூனிங் செய்வோர் பெரும்பாலானோர் 200ஐ 220 ஆக்குவதற்காக அல்லாமல், இந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காகவே செய்கிறார்கள். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போதும் தேட வேண்டியது அங்கேதான்.

எதிர்பார்ப்பின் அளவை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். டேர்போ இல்லாத எஞ்சினில் கோப்பை மட்டும் மாற்றும்போது, தீப்பொறி விழும் நேரம், எரிபொருள் கலவை, வால்வுகள் திறக்கும் நேரம் ஆகியவற்றில் தொழிற்சாலை விட்டுவைத்த சிறு இடைவெளியைத்தான் பயன்படுத்த முடியும். புகை வெளியேறும் குழாய்த்தொகுதியை, அதாவது கராஜ்களில் ஹெடர் என்று சொல்வதை, வேறு வடிவத்துக்கு மாற்றி அதற்கேற்பக் கோப்பையும் எழுதினால்தான் அந்தப் பள்ளம் பெரும்பாலும் மறையும். கோப்பு மட்டும் மாறினால் அதன் ஆழம் சற்றுக் குறையும், அவ்வளவே. முறுக்குவிசையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாற் வரும். 4000 சுற்றில் 15 நியூட்டன் மீற்றர் கூடினால் அது 6.3 கிலோவாற், அதாவது எட்டரைக் குதிரைவலு. கேட்பதற்குச் சிறிய எண்தான் என்றாலும், அந்தச் சுற்றில் எஞ்சின் தரும் வலுவில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக்கு வருகிறது. கவனமாக ஓட்டினால் இதை உணரலாம். கவனமில்லாமல் ஓட்டினால் இதை இருமடங்காகவும் உணரலாம். இல்லாத ஒன்றைக்கூட உணரலாம்.

ரியூனிங்குக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

பலர் தவறவிடுவது இதைத்தான். மாற்றத்துக்குப் பின் மட்டும் ஓட்டிப் பார்த்து மதிப்பிடும்போது, ஒப்பிடுவதற்கு நினைவைத் தவிர வேறொன்றும் கையில் இருக்காது. எனவே கார் கணினிக்காரரிடம் போவதற்கு முந்திய வாரத்திலேயே, அதே வீதியில், அதே மணிக்கு, அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடி, எண்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். 86இன் எடை 1250 கிலோகிராம் அளவில்தான் இருக்கிறது. 70 கிலோகிராம் எடையுள்ள நண்பர் ஒருவர் பக்கத்து இருக்கையில் ஏறினாலே இருபதில் ஒரு பங்குக்கு மேல் சுமை கூடிவிடும், ரியூனிங் தந்ததில் பெரும்பகுதியை அவரே தின்றுவிடுவார். இரண்டு முறையும் அவர் இருக்கட்டும், அல்லது இரண்டு முறையும் இறங்கி நிற்கட்டும். பெற்றோல் தாங்கி 50 லீற்றர் கொள்வது. நிறைந்த தாங்கிக்கும் கால் தாங்கிக்கும் இடையே 28 கிலோகிராம் வேறுபாடு இருப்பதால், அதையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ரயர் அமுக்கம் கதவோர ஒட்டுத்தாளில் எழுதியுள்ளபடி, ரயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கப்பட வேண்டும்.

எஞ்சினின் உடல்நிலையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. ஆகவே இங்கே ஓடும் 86களில் பல பத்து வயதைக் கடந்தவை. 2012, 2013 காலத்து எஞ்சின்கள் சிலவற்றின் வால்வுச் சுருள்வில் உடையக்கூடும் என்பதால் 2018இல் தயாரிப்பாளர்களே அவற்றை உலகளவில் திருப்பியழைத்தார்கள். உங்கள் கார் அந்தத் தொகுதியைச் சேர்ந்ததா, மாற்றம் செய்யப்பட்டதா என்று அடிச்சட்ட எண்ணைக் கொண்டு விசாரிக்காமல், சுற்று எல்லையை உயர்த்தும் கோப்பை ஏற்றுவது புத்தியல்ல. தீப்பொறிச் செருகி தேய்ந்த எஞ்சினுக்குப் புதிய செருகி போட்டாலே அது ரியூனிங் செய்ததுபோல் ஓடும். ஆகவே செருகி, காற்று வடிகட்டி, எஞ்சின் ஒயில் எல்லாவற்றையும் முதல் ஓட்டத்துக்கு முன்னரே புதுப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சேர்விஸ் தந்த நன்மைக்கும் ரியூனிங்குக்கே புகழ் போகும்.

வீதியும் கியரும்

திருகோணமலை நகருக்குள் இந்தச் சோதனைக்கு இடமில்லை. 50 கிலோமீற்றர் எல்லை ஒருபுறமிருக்க, மாடுகளும் ஓட்டோக்களும் புள்ளிமான்களும் வீதியைத் தங்களுடையதாக வைத்திருக்கும் ஊர் இது. பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் பாதையை வளைவுக்காக விரும்பும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். அது பக்தர்கள் நடக்கும் பாதை, மான்கள் குறுக்கே போகும் பாதை, அங்கே எஞ்சினை முடுக்குவது அநாகரிகம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குப் பொருத்தமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, நிலாவெளியைத் தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால் குச்சவெளி நோக்கிப் போகும் வீதி. இன்னொன்று, தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட கண்டி வீதி. முதலாவது அதிகாலையில் வெறிச்சோடி இருக்கும், மட்டமானது. ஆனால் கடற்கரை மணல் வீதியோரத்தில் படிந்திருக்கும் இடங்களில் பின்சில்லு இழுக்கும் வண்டியை அழுத்தக்கூடாது. இரண்டாவது அகலமானது, நீண்ட நேர்ப்பகுதிகள் கொண்டது, வெப்பச் சோதனைக்கு உகந்தது. கந்தளாயைத் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி தொடங்கிவிடும்; பொழுது சாய்ந்தபின் அங்கே சோதனையும் வேண்டாம், சோதனை முடித்துத் திரும்பும் பயணமும் வேண்டாம்.

இனிக் கியர்க் கணக்கு. முதல் தலைமுறை 86இன் கைக்கியர்ப் பெட்டியில் இரண்டாம் கியரின் விகிதம் 2.188, மூன்றாவதன் விகிதம் 1.541, இறுதி விகிதம் 4.1. ரயர் 215/45, 17 அங்குலம் என்றால் சுற்றளவு 1.96 மீற்றர் அளவில் வரும். இவற்றிலிருந்து, ஒவ்வோர் 1000 சுற்றுக்கும் இரண்டாம் கியரில் 13 கிலோமீற்றர் வேகமும் மூன்றாம் கியரில் 18.6 கிலோமீற்றர் வேகமும் கிடைக்கின்றன. ஆகவே இரண்டாம் கியரில் 40இலிருந்து 70 வரை போவதென்பது, எஞ்சின் 3050 சுற்றிலிருந்து 5300 சுற்றுவரை ஏறுவதாகும். நாம் தேடிய பள்ளம் முழுவதும், அதன் இரு கரைகளோடும், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே வந்து விழுகிறது. மூன்றாம் கியரில் அதே 40 முதல் 70 வரை போனால் 2150இலிருந்து 3750 வரை ஏறும். இது பள்ளத்தில் இறங்கும் சரிவை மட்டும் காட்டும், ஆனால் அன்றாட ஓட்டம் பெரும்பாலும் நடக்கும் பகுதி இதுவே. உங்கள் கார் வேறாக இருந்தால், கையேட்டில் உள்ள விகிதங்களை வைத்து இதே கணக்கைப் போட்டு, எந்தக் கியரில் எந்தச் சுற்று 70க்குள் அடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை எப்படி அளப்பது? இரண்டாம் கியரில் இந்த ஏற்றம் மூன்று செக்கனுக்குள் முடிந்துவிடும்; மூன்றாம் கியரில் நான்கு முதல் நான்கரைச் செக்கன் வரை செல்லும். பத்திலொரு பங்கு முன்னேற்றம் கிடைத்தாலும் வேறுபாடு கால் செக்கன், அரைச் செக்கன் அளவில்தான் இருக்கும். கைக்கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே அவ்வளவு இருப்பதால், அந்த முறை பயன்படாது. காரின் கோளாறு கண்டறிவதற்கான செருகியில் மாட்டும் சிறிய புளூடூத் கருவியையும் கைத்தொலைபேசிச் செயலியையும் கொண்டு வேகம், சுற்று, துரொட்டில் (எஞ்சினுக்குக் காற்றை விடும் கதவு) திறப்பு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை ஆகியவற்றைப் பதிவுசெய்யுங்கள். சாரதி வீதியை மட்டும் பார்க்கட்டும். பதிவை வீட்டுக்கு வந்து பார்க்கலாம். ஒவ்வொரு கியரிலும் போகும் திசையில் மூன்று, திரும்பும் திசையில் மூன்று என ஓடிச் சராசரி எடுப்பது அவசியம். நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஏற்றமே மூன்றாம் கியர் வேகமேற்றத்தில் இருபதில் ஒரு பங்கைத் தின்னும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கந்தளாய் நோக்கிப் போகும்போது அது முகத்தில் அறைந்து, திரும்பி வரும்போது முதுகைத் தள்ளும்.

மிதி செய்யும் மாயம்

இக்கால ஸ்போர்ட்ஸ் கார்களில் மிதிக்கும் காற்று வழியைத் திறக்கும் துரொட்டிலுக்கும் இடையே கம்பி இல்லை, கணினிதான் இருக்கிறது. மிதியைக் காற்பங்கு அழுத்தினால் துரொட்டிலை எவ்வளவு திறப்பது என்பது கோப்பில் உள்ள ஓர் அட்டவணையைப் பொறுத்தது. அந்த அட்டவணையைச் செங்குத்தாக்கி, காற்பங்கு மிதிக்கு அரைப்பங்கு திறப்பைக் கொடுத்துவிட்டால், எஞ்சினின் வலு ஒரு துளியும் கூடாமலே வண்டி துள்ளிப் பாயும். ரியூனிங் செய்தவர்களுக்கு இது தெரியும். வாங்குபவரின் முகத்தில் சிரிப்பை வரவழைக்க இதைவிட மலிவான வழி இல்லை. இது குற்றமல்ல, சிலருக்கு இந்தக் கூர்மை பிடித்தும் இருக்கிறது. ஆனால் இதற்கு வலு என்று பெயர் வைக்கக்கூடாது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. நிலாவெளி வீதியில் மூன்றாம் கியரில் 40இல் போய்க்கொண்டிருக்கும்போது மிதியைக் காற்பங்கு அழுத்திப் பாருங்கள். பிறகு அதே இடத்தில் அடிவரை அழுத்திப் பாருங்கள். காற்பங்கில் பெரும் வேறுபாடும், அடிவரை அழுத்தும்போது முந்தைய எண்களுக்குச் சமமான நேரமும் வந்தால், நீங்கள் காசு கொடுத்தது அந்த அட்டவணைக்கு. அடிவரை அழுத்தும்போது துரொட்டில் முழுதாகத் திறந்துவிடுவதால் அங்கே மாயத்துக்கு இடமில்லை. மறுபுறம், பதிவில் உள்ள துரொட்டில் திறப்பைப் பார்த்து, ஒரே திறப்பில் முன்னும் பின்னும் வேகமேற்றத்தை ஒப்பிட்டால், காற்பங்கு மிதியிலும் உண்மையான முன்னேற்றம் தெரிந்துவிடும்.

மிதியைச் செங்குத்தாக்கியதன் தண்டனை நகருக்குள் கிடைக்கும். அனுராதபுரச் சந்தி நெரிசலில் முதலாம் கியரில் ஊரும்போது வண்டி தலையை ஆட்டி ஆட்டிப் போனால், உவர்மலை ஏற்றத்தில் கிளச்சை விடும்போது சுற்று தாவி எழுந்தால், அந்தக் கோப்பை எழுதியவர் நெரிசலில் வாழும் சாரதியை மனத்தில் வைக்கவில்லை என்று பொருள். உவர்மலைச் சரிவில் இரண்டாம் கியரில், 1500 சுற்றில், மிதியை மெல்ல மெல்ல அழுத்தி ஏறிப் பார்க்கச் சொல்வேன். நல்ல கோப்பு அங்கே முனகாமல் இழுக்கும். நண்பரின் காரில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுவாகத்தான் இருந்தது; 70இல் கிடைத்த எண்கள் அதற்குப் பிறகுதான்.

கோப்பு ஏற்றிய முதல் நாளை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிய கோப்பு ஏறும்போது கணினி அதுவரை கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தங்களையும் தீப்பொறித் திருத்தங்களையும் மறந்துவிடுகிறது. பழைய கோப்பையே திரும்ப ஏற்றினாலும் சில நாள் வண்டி வேறுவிதமாக ஓடும். ஆகவே ஒரு தாங்கி பெற்றோல் முடியும்வரை வழமையாக ஓட்டிவிட்டு, அதன் பிறகே சோதனை ஓட்டத்துக்குப் போங்கள். நீண்டகால எரிபொருள் திருத்தம் பூச்சியத்தைச் சூழ்ந்து ஐந்து வீதத்துக்குள் நின்றால் கோப்பு எஞ்சினோடு ஒத்துப்போகிறது. பத்து வீதத்தைத் தாண்டி நின்றால், காற்றுக் கசிவோ கோப்பில் பிழையோ இருக்கிறது, திருத்தாமல் மேற்கொண்டு அழுத்தக்கூடாது.

வெயிலும் ஒக்டேனும்

காற்று சூடேறினால் அதன் அடர்த்தி குறையும். 25 பாகை செல்சியஸில் உள்ள காற்றோடு ஒப்பிட்டால் 35 பாகையில் உள்ள காற்று மூன்று வீதத்துக்கு மேல் அடர்த்தி குறைந்தது. 15 பாகையோடு ஒப்பிட்டால் ஆறரை வீதம் குறைந்தது. வைகாசி முதல் புரட்டாதி வரை நமது பகல்கள் 35ஐத் தொட்டு நிற்கும்போது, ரியூனிங் கொடுத்ததில் பாதியைக் கச்சான் திருப்பி எடுத்துக்கொள்கிறது என்று சொன்னால் மிகையாகாது. வெறும் அடர்த்தி மட்டுமானால் வலுக் குறைவதோடு போயிருக்கும். சூடான காற்று சிலிண்டருக்குள் அமுக்கப்படும்போது, தீப்பொறி தொட்ட இடத்திலிருந்து சுவாலை பரவி முடியுமுன்னரே மீதிக் கலவை தானாகத் தீப்பற்றி வெடிக்கக்கூடும். கராஜ்களில் நொக்கிங் என்பது இதைத்தான். பெற்றோலின் ஒக்டேன் எண் என்பது இதற்கு எதிரான தாங்குதிறன். நாம் இங்கே வழமையாக நிரப்புவது 92 அல்லது 95. ஜப்பானில் இந்தக் காருக்குப் பரிந்துரைக்கப்படும் உயர்தரப் பெற்றோலுக்கு அந்நாட்டுத் தரவிதி 96ஐக் கீழெல்லையாக வைத்திருக்கிறது. 12.5க்கு 1 என்ற அமுக்க விகிதத்தோடு பார்த்தால், நமது 95 ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. 92 நிரப்பினால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய தேவையில்லை.

நண்பரின் கார் கொழும்பில், இரவு நேரத்தில், பெரிய விசிறி முன்னால் சுழல, வலுவை அளக்கும் உருளைமேடையில் வைத்து ரியூன் செய்யப்பட்டது. அடுத்த வாரம் காலை ஆறு மணிக்கு நிலாவெளி வீதியில் ஓட்டியபோது குறை சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. பள்ளம் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய தொய்வு மட்டும்தான். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேராகத் தம்பலகாமத்தைத் தாண்டிப் போகும்போது இரண்டாம் கியரில் அடிவரை அழுத்தினேன். தகரத்தில் நெல்லைக் கொட்டியதுபோல் ஓர் ஒலி, ஒரு செக்கன்கூட நீடிக்கவில்லை, உடனே இழுவை தளர்ந்தது. வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தால், நொக்கிங்கை அடக்கக் கணினி தீப்பொறி நேரத்தைப் பல பாகை பின்னுக்கு இழுத்திருந்தது. ரியூனிங் செய்தவரைத் தொலைபேசியில் கேட்டபோது, “95 போட்டாக் காணும் அண்ணை, அது ஓடும்தானே” என்றார். ஓடும் என்பது உண்மைதான். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கோப்பு 98 ஒக்டேனுக்காக எழுதப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். 95க்கென்று திருத்தி அனுப்பிய கோப்பில் உச்ச வலு சற்றுக் குறைந்தது. பிற்பகல் இரண்டு மணி எண்களோ முன்னரைவிடக் கூடின. தாளில் தோற்ற கோப்பு வீதியில் வென்றது. இதற்காகவே, எந்த ஒக்டேனுக்கு எழுதப்படுகிறது என்பதைக் காசு கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலியை நம்பும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 86இன் எஞ்சினில் சிலிண்டருக்குள் நேரடியாகப் பெற்றோலைப் பீச்சும் அமைப்பும் உண்டு. அதற்கான உயரமுக்கப் பம்பு, எஞ்சின் சூடாகி நின்ற நிலையில் ஓடும்போது சிள்வண்டு கத்துவதுபோல் ஒலிக்கும். பயந்து கராஜுக்கு ஓடியவர்கள் பலர். அது நின்றபடி ஓடும்போது கேட்கும், தீங்கற்றது. நொக்கிங் சுமையில்தான் வரும்: ஏற்றத்தில், குறைந்த சுற்றில் மிதியை அழுத்தும்போது, பிற்பகல் வெயிலில். காது தவறவிடுவதைக் கணினி தவறவிடாது என்பதால், இந்த எஞ்சினின் கணினிக்கென உள்ள செயலியில் தீப்பொறி முன்னேற்றக் கற்றல் பெறுமானத்தைப் பாருங்கள். அது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே நிற்கும்; ஒன்றில் நின்றால் கணினி பெற்றோலை நம்புகிறது, அதிலிருந்து இறங்கத் தொடங்கினால் அழுத்துவதை அன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெப்பச் சோதனையை நான் செய்வது இப்படி. நண்பகலில் பிரதான வீதி நெரிசலில் கால் மணி நேரம் குளிரூட்டியோடு ஊர்ந்துவிட்டு, நிற்காமல் நகருக்கு வெளியே வந்து, முதல் பாதுகாப்பான நேர்ப்பகுதியிலேயே இரண்டாம் கியர் ஓட்டத்தை ஓடிப் பதிவுசெய்வேன். பத்து நிமிடம் சீராக ஓடி, உள்ளிழுக்கும் காற்று குளிர்ந்த பிறகு மீண்டும் ஓடுவேன். நெரிசலில் நிற்கும்போது உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை வெளி வெப்பத்தைவிட இருபது பாகைக்கு மேலும் ஏறக்கூடும். இரண்டு ஓட்டங்களுக்கும் இடையேயான வேறுபாடு தொழிற்சாலைக் கோப்பில் இருந்ததைவிட அதிகமானால், ரியூனிங் மிகக் கூர்மையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த வடிகட்டியை மாட்டிய கார்களில் இந்த வேறுபாடு மோசமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் அறையின் கொதிக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அது எழுப்பும் உறுமலைக் கேட்டு, வலு கூடிவிட்டதாக எண்ணுவதும் காதின் மாயம்தான்.

பெற்றோல் செட் விடயத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு: வெளியூர் போகும்போது எல்லா இடத்திலும் 95 கிடைக்கும் என்று நம்பாமல், அரைத் தாங்கிக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். வேறு வழியின்றி 92 நிரப்ப நேர்ந்தால் 3000 சுற்றுக்குக் கீழே அழுத்தாமல், மென்மையாக ஓட்டித் தீர்த்துவிடலாம். அந்தத் தாங்கியில் எடுத்த எண்களைக் கொப்பியில் சேர்க்கக்கூடாது.

டேர்போ கார் வைத்திருப்போர் மேலே சொன்ன எல்லாவற்றையும் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். 1.4 லீற்றர் டேர்போ எஞ்சினுடைய சுஸுகி ஸ்விப்ற் ஸ்போர்ட் போன்ற காரில், தொழிற்சாலைக் கோப்பிலேயே 2500 சுற்றில் 230 நியூட்டன் மீற்றர் கிடைக்கிறது. காற்றமுக்கத்தைக் கூட்டினால் முன்னேற்றம் உண்மையாகவே பெரிதாக இருக்கும், மாயம் தேவைப்படாது. ஆனால் முதல் ஓட்டத்தில் கிடைப்பது ஐந்தாம் ஓட்டத்திலும் கிடைக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. டேர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இடைக்குளிரூட்டி சூடேறியபின் எண்கள் எவ்வளவு விழுகின்றன என்று பார்ப்பதற்காக, அடுத்தடுத்து ஐந்து ஓட்டங்கள் ஓடுங்கள். கிளச் வழுக்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்: சுற்று ஏறி வேகம் ஏறாமல் நின்றால், அந்தக் கிளச்சுக்கு இந்த முறுக்குவிசை தாங்காது.

தாள் வேலைகளையும் மறக்கக்கூடாது. வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் நடக்கும் புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படும். 86இன் மூல ஹெடரிலேயே புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கி அமைந்திருப்பதால், அதைக் கழற்றி வெறும் குழாயை மாட்டினால் வலு சற்றுக் கூடினாலும் அந்த நாள் சிக்கலாகும். ஊக்கியுள்ள மாற்று ஹெடரைத் தேடுவதே என் ஆலோசனை. காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுங்கள். தொழிற்சாலைக் கோப்பின் பிரதியை ரியூனிங் செய்தவரிடமிருந்து கேட்டு வாங்கி உங்களிடம் வைத்திருங்கள். விற்கும்போதோ, எஞ்சினில் கோளாறு தேடும்போதோ அது இல்லாமல் முடியாது.

மாரி தொடங்கியபின், ஐப்பசிக்கும் தைக்கும் இடையே, இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இந்த முறை எண்களுக்காக அல்ல. பள்ளம் இருந்த காலத்தில், ஈரமான வளைவிலிருந்து வெளிவரும்போது இரண்டாம் கியரில் வலு தயங்கித் தயங்கி வந்து, 4500ஐத் தாண்டியதும் திடீரெனப் பாயும். பின்சில்லு அப்போதுதான் உதறும். பள்ளம் நிரப்பப்பட்ட எஞ்சினில் வலு ஒரே சீராக ஏறுவதால், கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே கிடைக்கிறது. கிண்ணியாப் பாலத்தின் மேல் காற்றோடு மழை அடித்த ஒரு மாலையில், 50இல் போய்க்கொண்டிருந்தபோது இதைத் தெளிவாக உணர்ந்தேன். ரயர் தேய்ந்திருந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். இழுவைக் கட்டுப்பாட்டை அணைக்கும் பொத்தானைத் தொடவும் வேண்டாம். அதன் மஞ்சள் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணிக்கொள்ளட்டும். போன மாரியில் எண்ணி வைத்திருந்தால், அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதிக்கொள்ளலாம்.